இரண்டாம் இடத்துக் குத்துச்சண்டை வீரர்

மதிப்பிற்குரிய ஐயா,

ஒரு வருடமாக ஃப்ராய்ட், யுங், ஆட்லர் என்று உளவியல் முன்னோடிகளைத் தேடித்தேடி வாசிக்கிறேன். என்னைப் புரிந்துகொண்டு கொஞ்சமாவது மேம்பட வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் எந்த அத்தியாயத்தைப் படித்தாலும் அதில் உள்ள கோளாறு எனக்கும் இருப்பதாகத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு, பார்ப்பவர்களை எல்லாம் எடைபோட ஆரம்பித்துவிட்டேன். "வீட்ல டாக்டர் வேலை பார்க்காதீங்க" என்கிறார் மனைவி. இந்தப் பழைய நூல்களால் பயன் உண்டா? எங்கிருந்து தொடங்கலாம்?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஃப்ராய்டின் சொற்கள் அடுத்தவரை மடக்குவதற்கு ரொம்ப வசதியானவை. எதிரில் இருப்பவர் இல்லை என்று மறுத்தால், அந்த மறுப்பையே ஆதாரமாக்கிவிடலாம்!

ஆனால் அன்றாட மறதிகளையும் வாய்தவறல்களையும் பற்றி 1901இல் அவர் எழுதிய நூலின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். அதில் மாட்டிக்கொள்பவர் அவரேதான். பயணத்தில் உடன் வந்தவரிடம் இத்தாலியின் ஓர்வியேட்டோ தேவாலயத்துச் சுவரோவியங்களைப் பற்றிப் பேசுகிறார். வரைந்தவர் சின்யொரெல்லி. அந்தப் பெயர் வரமாட்டேன் என்கிறது. போத்திச்செல்லி, போல்த்ராஃபியோ என்று வேறு ஓவியர்களின் பெயர்கள்தான் வருகின்றன. ஏன் என்று துருவிக்கொண்டே போனவர், தன்னிடம் சிகிச்சை பெற்ற ஒருவர் தற்கொலை செய்துகொண்ட செய்தியில் போய் நிற்கிறார். அவர் சொல்லும் காரணத்தில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பெயர்கள் சும்மாவே மறக்கும். ஆனாலும் தன் மறதியை அப்படி விடாமல் துரத்தியிருக்கிறாரே, அதற்காக அவரைப் படிக்கலாம்.

இருந்தாலும், உங்களுக்கு நான் முதலில் கொடுக்க நினைப்பது அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸை. 1890இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய 'உளவியலின் கோட்பாடுகள்' எழுதி முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. முடித்த கையோடு பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், இது வீங்கிப் புடைத்த ஒரு பிண்டம், உளவியல் என்றொரு அறிவியலே கிடையாது என்பதற்கும் நான் லாயக்கற்றவன் என்பதற்கும்தான் இது சாட்சி என்று பொரிந்து தள்ளுகிறார். இப்படிப்பட்டவரை நம்பலாம்.

அதில் 'தான்' என்ற உணர்வைப் பற்றிய பத்தாவது அத்தியாயத்தில் ஒரு பின்னம் வருகிறது. மேலே நாம் அடைந்த வெற்றி, கீழே 'நான் இப்படிப்பட்டவன்' என்று நாம் கோருவது. வகுத்தால் வருவது சுயமதிப்பு. அதற்கு அவர் தரும் உதாரணம்: உலகத்திலேயே இரண்டாவது பெரிய குத்துச்சண்டை வீரர் அவமானத்தில் செத்துப்போகிறார், ஏனென்றால் அவர் தோற்கடிக்க நினைத்தது அந்த ஒரே ஒருவரை. யார் அடித்தாலும் விழுந்துவிடும் சோனி ஆள் ஒரு கவலையும் இல்லாமல் இருக்கிறான். அந்தப் போட்டியை அவன் எப்போதோ விட்டுவிட்டான். ஜேம்ஸ் தன்னையும் விட்டுவைக்கவில்லை: உளவியலில் யாராவது தன்னைவிட அதிகம் தெரிந்தவராக இருந்தால் குன்றிப்போவாராம், கிரேக்க மொழியில் ஒன்றுமே தெரியாமல் கிடப்பதில் அவருக்குத் துளியும் வெட்கம் இல்லையாம்.

நீங்கள் கேட்கும் மேம்பாடு எப்போதும் மேல் எண்ணைக் கூட்டுவதாகவே இருக்கிறது. ஜேம்ஸ் கீழ் எண்ணைக் காட்டுகிறார். ஒரு கோரிக்கையைக் கைவிடுவதும், அது நிறைவேறியதற்கு நிகரான நிம்மதிதான் என்கிறார். எனக்கு என்ன கோளாறு என்று கேட்டுக்கொண்டு வாசித்தால் எல்லா நோயும் வந்துதான் தீரும். போன வாரம் எந்தப் பேச்சு உங்களைச் சுட்டது, அது எந்தக் கோரிக்கையில் பட்டது என்று பாருங்கள். அலுவலகத்தில் யாரோ உங்களைவிட நன்றாகப் பேசியதாக இருக்கலாம். சரி, பேச்சாளராக வேண்டும் என்று நீங்கள் எப்போது முடிவு செய்தீர்கள்? இப்படிக் கேட்கும்போது பக்கத்து மேசைக்காரரை அலச நேரமே இருக்காது.

தூக்கமோ சாப்பாடோ கெடுகிற அளவுக்கு மனம் சோர்ந்திருந்தால் புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பெரிய நூலில் கை வைக்க வேண்டாம். 1892இல் ஜேம்ஸே அதை மாணவர்களுக்காகச் சுருக்கினார். பெரியதை 'ஜேம்ஸ்' என்றும் சின்னதை 'ஜிம்மி' என்றும் மாணவர்கள் செல்லமாக அழைத்தார்கள். காப்புரிமை தீர்ந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஜிம்மியின் பத்தாவது அத்தியாயம் பழக்கத்தைப் பற்றியது, பன்னிரண்டாவது 'தான்' பற்றியது. இப்போதைக்கு இந்த இரண்டும் போதும். யுங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.