இந்தியானா மாநிலப் பூங்காக்களின் தந்தை என்று ரிச்சர்ட் லீபர் ஏன் போற்றப்படுகிறார்?

ஜெர்மனியின் சார்புரூக்கனில் 1869-இல் பிறந்து, 1891-இல் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் குடியேறிய லீபர், பத்திரிகையாளராகவும் வணிகராகவும் இருந்துவிட்டுப் பொதுப்பணிக்கு வந்தவர். இந்தியானா மாநிலம் உருவானதன் நூற்றாண்டான 1916-இல், அதன் நினைவாக வாணவேடிக்கையைவிட நிலைத்து நிற்கும் ஒன்று வேண்டும் என்று கருதி, பூங்காக்களுக்கு நிலம் தேடும் குழுவுக்கு அவர் தலைமையேற்றார். அவ்வாண்டே மெக்கார்மிக்ஸ் கிரீக் முதல் பூங்காவானது.

பூங்காவாக்க அவர்கள் விரும்பிய இன்னோர் இடமான டர்க்கி ரன் காட்டின் கதை அவ்வளவு எளிதன்று. மே மாத ஏலத்தில் மரத்தகடு நிறுவனம் ஒன்று 30,200 டாலருக்குக் கேட்க, வெறும் நூறு டாலர் வித்தியாசத்தில் லீபரின் குழு தோற்றது. கோடரி விழுமுன் நன்கொடை திரட்டிப் பேச்சு நடத்தி, நவம்பரில் அதே காட்டை 40,200 டாலருக்கு அவர்கள் வாங்கினார்கள். சில மாதங்களில் பத்தாயிரம் டாலர் கூடுதல் என்றாலும், அந்தப் பழமையான மரங்களுக்கு அது மலிவான விலை என்றே சொல்வேன்.

1919 முதல் 1933 வரை மாநில இயற்கைவளப் பாதுகாப்புத் துறையின் இயக்குநராக இருந்த லீபர், பூங்காக்களுக்குள் விடுதிகளைக் கட்டியதோடு, நுழைவுக்குப் பத்து சென்ட் கட்டணமும் விதித்தார். பொதுநிலத்துக்குக் கட்டணமா என்று முணுமுணுப்பு எழலாம். ஆனால், பயன்படுத்துவோரே பராமரிப்புச் செலவில் பங்கேற்றால் பூங்காக்கள் அரசியல்வாதிகளின் தயவை அதிகம் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. ஆளுநர் பால் மெக்நட்டின் நிர்வாகச் சீரமைப்பையடுத்து 1933-இல் பதவி விலகிய அவர், 1944-இல் காலமானார். இந்தியானாவின் பூங்கா வாயில்களில் இன்றும் கட்டணம் வசூலிக்கப்படுகிறது.