வெள்ளைதான் பூச வேண்டும் என்கிறாரா ஒப்பந்தக்காரர்?

கேள்வி: வரவேற்பறைக்கு அடர் பச்சை பூச ஆசைப்படுகிறேன். ஒப்பந்தக்காரரோ, இப்போது மினிமலிசம் (குறைவான பொருட்களோடு எளிமையாக அமைக்கும் பாணி)தான் நாகரிகம், வீடு முழுவதும் வெள்ளை பூசாவிட்டால் அறை சிறுத்துத் தெரியும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தாராளமாகப் பச்சை பூசுங்கள். அறை சிறுத்துத் தெரிவதற்குச் சாமான் நெரிசலும் மங்கிய விளக்கும் அதே அளவுக்குக் காரணம். மினிமலிசம் குறைக்கச் சொல்வது முதலில் சாமான்களைத்தான். வெள்ளைச் சுவர்களுக்குப் பெயர்போன நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லெ கொர்பூசியேகூட 1931-இல் சுவர்த்தாள் நிறுவனம் ஒன்றுக்காக 43 நிறங்களைத் தொகுத்துக் கொடுத்தவர்.

ஒரே வெள்ளையை மொத்தமாக வாங்கி, நிறம் மாறும் மூலைகளில் டேப் ஒட்டும் வேலையும் இல்லாமல் விரைவாக முடித்துவிடலாம் என்ற வசதியும் இந்த அறிவுரைக்குப் பின்னால் இருக்கக்கூடும். அதைவிட நான் அஞ்சுவது, 'பெயின்ட், இரண்டு கோட்' என்று மட்டும் எழுதித் தரப்படும் கொட்டேஷனைத்தான். ஒரே ஷேட் எண்ணை (நிறத்தின் குறியீட்டு எண்ணை) ஒரே நிறுவனத்தின் மலிவான தரத்திலும் சரி, உயர்ந்த தரத்திலும் சரி, கடையில் கலக்கச் சொல்லி வாங்கலாம் என்பதால், எது பூசப்பட்டது என்பதைப் புதுச் சுவரைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். தயாரிப்பின் முழுப் பெயர், ஷேட் எண், ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு), கோட் எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு, வாளிகளை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.

ஆயிரக்கணக்கான நிறங்களை விற்கும் தொழில், இன்னமும் நகமளவு ஷேட் கார்டை நம்பி முடிவெடுக்கச் சொல்வது எரிச்சலூட்டுகிறது. சுவர்கள் ஒன்றன் நிறத்தை மற்றொன்றின் மீது வீசுவதால், நான்கு பக்கமும் பூசியதும் அந்தப் பச்சை கார்டில் கண்டதைவிடச் செறிவாகத் தெரியும். கலந்த பெயின்ட்டைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே பெரிய அட்டையொன்றில், ஓரத்தை வெள்ளையாக விட்டு, இரண்டு கோட் பூசிச் சுவரில் சாய்த்து, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். பல்பின் ஒளி நிறத்தைக் குறிக்கும் அளவு கெல்வின்; 2700 கெல்வின் பல்பின் மஞ்சள் ஒளியில் மஞ்சள் சாயலோடு தெரியும் பச்சை, 6500 கெல்வினின் வெள்ளை ஒளியில் நீலம் கலந்ததுபோல் குளிர்ந்துவிடும். பல்பை முடிவு செய்த பிறகே நிறத்தை முடிவு செய்யுங்கள்.

நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நடக்கும் இடத்தில் மட்டும் ஒப்பந்தக்காரர் சொல்வது சரி. தைப்பது, படம் வரைவது, கண்ணாடி முன் ஒப்பனை செய்வது எல்லாம் அதில் அடக்கம். வெயில் விழும் பச்சைச் சுவர் அருகே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால், சுவர்ப்பக்க மடிப்புகளில் பச்சை படிவது தெரியும். முகத்திலும் அப்படியே படியும். வரவேற்பறையிலேயே தையல் இயந்திரமும் இருக்குமானால், சன்னல் வெளிச்சம் நேராக விழும் சுவரையும் இயந்திரத்தை ஒட்டிய சுவரையும் வெள்ளையாக விட்டு, மற்றவற்றுக்குப் பச்சை பூசுங்கள்.