ஏற்காடு உயரம்தான், ரோடு மட்டும் இல்லை
(வாசகர் கேள்வி – பதில்)

பாப்புவா நியூ கினியின் மலைநாட்டுக் கிராமங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு சேலம், ஏற்காடு, ஆத்தூர் வாசகர்கள் கேட்டவை இவை. விவசாயக் கேள்விகள்தான் அதிகம். அதனால் காப்பிக்கும் கிழங்குக்கும் இடம் கூடுதல்.

கே: எங்கள் ஊர் உயரத்தில் அங்கேயும் அராபிகா போடுகிறார்களாமே? கரண்டு இல்லாத ஊரில் எப்படிப் பதப்படுத்துகிறார்கள்? (காப்பித் தோட்டக்காரர், நாகலூர்)

ஏற்காடு 1,515 மீட்டர். அங்கே கோரோக்கா நகரம் சுமார் 1,600 மீட்டர். அராபிகாவுக்குத் தோதான உயரம். ஆனால் பெரும்பகுதி விளைச்சல் எஸ்டேட்டில் இல்லை, வீட்டை ஒட்டிய சிறு தோட்டங்களில்தான். நிழலுக்கு நீங்கள் சில்வர் ஓக் வைப்பதுபோல் அவர்கள் மலைச்சவுக்கு வைக்கிறார்கள். அதன் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருவதால், தரிசு விட்ட கிழங்குக் காட்டிலும் அதையே நடுவது வழக்கம்.

கையால் சுற்றும் பல்பர் ஒன்றைச் சில குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும். பறித்த அன்றே தோலை உரித்தாக வேண்டும். பிறகு வாளியிலோ மரப்பெட்டியிலோ ஊறல். குளிரில் நொதிப்பு மெதுவாக நடக்கும். ஒன்றரை நாள், சில சமயம் இரண்டு இரவுகூட ஆகும். கொட்டையைக் கையில் தேய்த்தால் வழுவழுப்புப் போய்க் கரகரவென்று இருக்க வேண்டும், அப்போதுதான் கழுவலாம். அவசரப்பட்டால் பசை ஒட்டிக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். விட்டுவிட்டால் புளித்த வாடை ஏறும், அதைப் பிறகு எதனாலும் போக்க முடியாது. படுதாவில் பரப்பி உலர்த்த இரண்டு வாரம்வரை பிடிக்கும். மதியத்துக்கு மேல் மழை வரும் ஊர் என்பதால் தினமும் சுருட்டி எடுத்து வைக்கும் வேலை தனி. கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்: வெறும் தரையில் காய்ந்தால் மண்வாடை, அடுப்பெரியும் வீட்டுக்குள் மூட்டையை வைத்தால் புகைவாடை.

அவர்கள் பார்ச்மென்டாக, அதாவது உள்ளோடு நீக்காத உலர்ந்த கொட்டையாக, விற்பதற்குக் காரணம் தரம் மட்டுமல்ல. ஏறக்குறைய ஐந்து கிலோ பழம் ஒரு கிலோ பார்ச்மென்ட் ஆகிறது. முதுகில் சுமந்து இறங்குகிறவருக்கு அந்த நாலு கிலோ பெரிய விஷயம். காய்த்துளைப்பான் வண்டு 1990-ல் கூடலூர்ப் பக்கம் வந்து நம்மைப் படுத்தியது உங்களுக்குத் தெரியும். அங்கே அது 2017-ல்தான் வந்து சேர்ந்தது.

கே: நெல்லும் இல்லை, ராகியும் இல்லை, முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று எழுதியிருந்தீர்கள். பனி விழும் உயரத்தில் அது எப்படி விளையும்? எங்கள் மரவள்ளியையே பனி வாட்டிவிடுகிறதே? (விவசாயி, ஆத்தூர்)

நல்ல கேள்வி. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, குறிப்பாக எங்கா மாகாணத்தில், பாத்தியில் நடுவதில்லை. மேடு கட்டி நடுகிறார்கள். ஒரு மேடு சுமார் மூன்று மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் உயரம். முதலில் மண்ணைக் கொத்தி வட்டமாக ஒதுக்குவார்கள், நடுவே பள்ளம் கிடைக்கும். பழைய கொடி, புல், களை என்று 20 கிலோ அளவுக்குப் பச்சைக் குப்பையை அதில் போட்டு, வாடியபின் ஒதுக்கிய மண்ணை மேலே இழுத்து மூடுவார்கள். பிறகு ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான கொடித்துண்டுகளைக் குழிக்கு இரண்டு மூன்றாகச் செருகுவார்கள். ஒரே மேட்டில் நாலைந்து ரகம் கலந்திருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும் என்ற கணக்கு.

உள்ளே குப்பை மக்கும்போது மண் சூடேறும். அதைவிட முக்கியம், குளிர்காற்று கனமானது; அது மேட்டில் தங்காமல் பள்ளத்துக்கு வழிந்துவிடும். லேசான உறைபனி அடித்த மறுநாள் அடிவாரக் கொடி கருகியிருக்கும், உச்சிக் கொடி பச்சையாக நிற்கும். தண்ணீர் வடிவதற்கும் இதே அமைப்புதான். அங்கே வறட்சியைப் போலவே அடைமழையும் எதிரி. கிழங்கு இறங்கத் தொடங்கும் வாரங்களில் மண் சொதசொதவென்று இருந்தால் கொடி தளதளவென்று ஓடும், கீழே ஒன்றும் இருக்காது. பஞ்சம் தெரிவது பல மாதம் கழித்து, அப்போது வானம் தெளிவாகக்கூட இருக்கும்.

அந்த உயரத்தில் விளைய ஏழெட்டு மாதம் ஆகும். ஒரே நாளில் வெட்டுவதில்லை. குச்சியால் பக்கவாட்டில் தோண்டிப் பெரிய கிழங்கை மட்டும் எடுத்து, மண்ணை மூடிவிடுவார்கள், சின்னது பெருக்கட்டும். வெட்டிய கிழங்கு ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்காது என்பதால் நிலமே கிடங்கு. கடைசியில் பன்றியை உள்ளே விட்டால் மிச்சத்தைக் கிளறித் தின்றுவிடும், உழவும் ஆயிற்று. மற்ற நாளில் பன்றி வரக்கூடாது. வேலி கட்டுவதே ஆண்களின் பெரிய வேலை. வறட்சியில் மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியே கூன்வண்டு இறங்கும், நம் ஊர்போலவே. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வானம் மேகமில்லாமல் கிடந்து கடும் உறைபனி தொடர்ந்து விழும். 1972, 1997, 2015-ல் மேடுகளும் காப்பாற்றவில்லை. மக்கள் தாழ்வான ஊர்களில் உள்ள உறவினர்களிடம் இறங்கிப் போனார்கள்.

கே: ஜவ்வரிசி முதலில் அந்த நாட்டுச் சரக்கு என்கிறார்களே? (சேகோ ஆலை ஊழியர், சேலம்)

மலைநாட்டில் இல்லை, கீழே சதுப்பு நிலங்களில். பூக்கும் முன் சேகோ பனையை வெட்டி, தண்டுச் சோற்றை இடித்து, தண்ணீரில் பிசைந்து மாவைப் படிய விடுவார்கள். படியவைக்கும் தத்துவம் உங்கள் தொட்டியில் நடப்பதுதான். மரம் மட்டும் வேறு.

கே: குழியில் கல் போட்டுச் சமைப்பதை வீட்டுத் தோட்டத்தில் செய்து பார்க்கலாமா? (குடும்பத்தலைவி, அஸ்தம்பட்டி)

தாராளமாக. அதற்கு 'மூமூ' என்று பெயர். முழங்கால் ஆழம், ஒரு மீட்டர் அகலக் குழி போதும். கைப்பிடி அளவுள்ள கெட்டியான கருங்கல்லை விறகோடு அடுக்கி ஒன்றரை மணி நேரம் எரியுங்கள். கல்லில் படிந்த கரி எரிந்து வெளுத்தால் பதம். ஆற்றில் கிடந்த ஈரக்கல்லும் விரிசல் விட்ட கல்லும் வேண்டவே வேண்டாம். உள்ளே உள்ள நீர் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கும், கண் போகும். பிளந்த மூங்கிலே கிடுக்கி. குழியில் கல், மேலே வாட்டிய வாழையிலை, கிழங்கு, கீரை, கறி, நடுநடுவே சூட்டுக்கல், மறுபடி இலை. ஓரத்தில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி உடனே மண் மூடுங்கள். ஆவி எங்கே கசிகிறதோ அங்கே ஒரு பிடி மண். கோழிக்கு இரண்டு மணி நேரம்.

மிஞ்சிய கறியை மறுநாள் வைத்துச் சாப்பிட வேண்டாம். அங்கே பன்றி விருந்துகளுக்குப் பின் குழந்தைகளுக்கு 'பிக்பெல்' என்ற கொடிய குடல் அழுகல் நோய் வந்தது. கறியில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் கிருமியின் நஞ்சை நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதி அழித்துவிடும். ஆனால் சர்க்கரைவள்ளியில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, புரதம் குறைந்த உணவில் டிரிப்சினே குறைவு. 1980-ல் தடுப்பூசி தொடங்கினார்கள்.

கே: ரோடு இல்லாத கிராமத்துக்கு விமானம் போகுமாம். எங்கே இறங்கும்? (கல்லூரி மாணவர், ஓமலூர்)

உங்கள் ஊர் காமலாபுரம் ஓடுதளம் 1,800 மீட்டர். அங்கே மலைச்சரிவில் 400, 500 மீட்டர் புல்தரை, அதுவும் சாய்வாக. ஏற்றத்தைப் பார்த்து இறங்குவார்கள், சாய்வே பாதி பிரேக். இறக்கத்தில் ஓடிப் புறப்படுவார்கள். எதிரே மலை நிற்பதால், குறிப்பிட்ட இடத்தைத் தாண்டி நெருங்கிவிட்டால் மறுபடி மேலேற வழியில்லை. புல் ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும். மதியத்துக்குள் மேகம் மூடும் என்பதால் எல்லாம் காலையிலேயே. உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, ஏற்றும் சுமையும் குறைவு. பயணியையும் மூட்டையோடு தராசில் நிறுத்துவார்கள். தகரம், சிமெண்ட், சமையல் எண்ணெய் எல்லாவற்றின் விலையிலும் இந்த எடைக்கூலி ஏறி உட்காரும். புல்லை ஊர்க்காரர்களே வெட்டி, பன்றியை விரட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விமானம் வராது.

கே: நரமாமிசம் இன்னும் உண்டா? (வாசகர், குகை)

இல்லை. கிழக்கு மலைநாட்டின் ஃபோரே மக்கள் இறந்த உறவினரை இறுதிச்சடங்காக உண்டார்கள். அதனால் 'குரு' என்ற மூளைநோய் பரவியது, பெண்களையும் குழந்தைகளையும் அதிகம் வாட்டியது. 1960 வாக்கிலேயே வழக்கம் நின்றுவிட்டது. அது துக்கச் சடங்கு, வேட்டை அல்ல. சினிமா காட்டுவதை நம்பாதீர்கள்.

கே: கம்பளி இல்லாமல் குளிரை எப்படித் தாங்குகிறார்கள்? (வாசகி, மஞ்சக்குட்டை)

வீடு தாழ்வான வட்டம், புல்கூரை தரையை நெருங்கித் தொங்கும், நாணல் சுவர், ஜன்னல் கிடையாது, நடுவில் அணையாத அடுப்பு. உள்ளே கதகதப்பு; ஆனால் புகை கூரை வழியே கசிந்துதான் வெளியேறும். இருமலும் நுரையீரல் நோயும் அதன் விலை. புகைபோக்கி வைத்தால் தீர்ந்ததே என்று தோன்றும். புகை நின்றால் கூரைப் புல்லைப் பூச்சி அரிக்கும், சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். தகரக் கூரை போட்டால் மழைநீர் சேமிக்கலாம், இரவில் குளிர் தாங்காது. அந்தத் தகரமும் விமானத்தில்தான் வர வேண்டும். அதனால் பலர் தகர வீடு ஒன்றும், படுக்கப் புல்வீடு ஒன்றுமாக இரண்டையும் வைத்திருக்கிறார்கள்.