பல்லடத்துக் கோழி யாருடைய கோழி?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு அவிநாசி. உரம், பூச்சிமருந்து, கோழிக்குப் போடும் ஆன்டிபயாடிக் என்று படித்துப் படித்துப் பயம் வந்துவிட்டது. அதனால் பொங்கலிலிருந்து வீட்டில் ஒரு முடிவெடுத்தேன். 50 கிலோமீட்டருக்குள் விளைந்தது மட்டும்தான் சாப்பாடு. ஆப்பிள், ஓட்ஸ், வடநாட்டுக் கோதுமை எல்லாம் நிறுத்தியாச்சு. அரிசி கோபிப் பக்கத்திலிருந்து வருகிறது. கீரை, காய் எல்லாம் உழவர் சந்தையில் விவசாயியிடமே பேரம் பேசி வாங்கிவிடுகிறேன், கடையைவிட நல்ல மலிவு. கோழி பல்லடத்துப் பண்ணைக் கோழி. வாரத்தில் நான்கு நாள் கம்பு, ராகி. மனைவிக்கு இதில் அவ்வளவாக விருப்பமில்லை. காப்பியை என்ன செய்வது என்பதுதான் இப்போது சிக்கல். ஏற்காடு, குடகு எல்லாமே வட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. ஒரு ஆள் இப்படிச் சாப்பிடுவதால் ஏதாவது மாறுமா?

(பெயர் வேண்டாம்), அவிநாசி

அன்புள்ள நண்பருக்கு,

காப்பி குடியுங்கள். ஓட்ஸ் போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தைகள் கேட்டால் ஆப்பிள் வாங்கிக் கொடுங்கள், இமாச்சலத்தில் அதை விளைவிப்பவரும் கடன் வாங்கித்தான் விவசாயம் செய்கிறார். இந்த மூன்றையும் இதோடு விட்டுவிடலாம். 'கோழி பல்லடத்துப் பண்ணைக் கோழி' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து இந்தப் பதிலை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் அந்தக் கோழி நினைப்புத்தான்.

என் சித்தப்பா பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் இருக்கிறார். கிணறு வற்றி, மஞ்சளும் வெங்காயமும் கைவிட்டபிறகு, கடன் வாங்கிக் கொட்டகை போட்டுக் கம்பெனிக் கோழி வளர்க்க ஆரம்பித்தார். ஒரு பேட்சுக்கு ஐயாயிரம் குஞ்சு. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், தண்ணீர், தரையில் பரப்பும் தேங்காய் மஞ்சி (நார்த்தூள்), குளிர் ராத்திரியில் குஞ்சுக்குச் சூடு போதுமா என்று எழுந்து எழுந்து பார்ப்பது, இதெல்லாம் அவருடையது. நாற்பது நாளில் கோழி இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். இருட்டியபிறகு லாரி வரும், காலைப் பிடித்துக் கொத்துக் கொத்தாகத் தூக்கிப் பெட்டியில் அடைத்து எடை போட்டுக்கொண்டு போவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவனம் கணக்குக்கு மேல் போயிருந்தாலோ, வெயிலில் செத்தது கூடினாலோ அந்தக் கூலியிலும் பிடித்தம். எரு மட்டும் அவருக்குச் சொந்தம், அதை விற்றுக்கொள்ளலாம்.

ஒரு நோம்பிக்கு நாங்கள் எல்லோரும் அங்கே போயிருந்தோம். கொட்டகை நிறையக் கோழி, அதன் சத்தத்தில் பேசுவதே கேட்கவில்லை. சித்தி பெரிய பையனிடம் பையும் பணமும் கொடுத்துப் பல்லடம் கடையில் கறி வாங்கிவரச் சொன்னார். இங்கேயே இவ்வளவு இருக்கிறதே என்று கேட்டேன். "அதெல்லாம் எண்ணி உட்டதுங் சாமி, நம்மளுது இல்ல" என்றார். சரி, வாசலில் நாலு நாட்டுக்கோழியாவது வளர்க்கலாமே என்றால் அதுவும் கூடாதாம், நோய் ஒட்டிக்கொள்ளும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. மூன்று தலைமுறையாகக் கோழி கூவி விடிந்த சாளை, தோட்டத்து வீடு அது.

உங்கள் வட்டத்துக்குள் வரும் கோழி இதுதான். அவிநாசியிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அது தின்ற சோயாப் பிண்ணாக்கு பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறது, மக்காச்சோளத்தில் ஒரு பங்கு கர்நாடகத்திலிருந்து வருகிறது. கோழியின் இனமோ கோப், ராஸ் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் உருவாக்கியது. அது எத்தனை நாளில் எவ்வளவு எடை போடவேண்டும் என்பதைக் கொட்டகைக்காரர் தீர்மானிக்கவில்லை. விலையையும் அவர் தீர்மானிக்கவில்லை. கடையில் கறி விலை எகிறுகிற வாரத்திலும் சித்தப்பாவுக்கு வந்தது அதே கூலிதான். கூலியைக் கூட்டுங்கள் என்று திருப்பூர், கோவை, ஈரோட்டு வளர்ப்பாளர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சி விலை ஏறுகிறது, கரண்ட் ஏறுகிறது, ஆள் கூலி ஏறுகிறது, வளர்ப்புக் கூலி மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

நீங்கள் பயப்படுவது நியாயம். மனிதர்களுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கிற கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்திருக்கிறார்கள், 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதற்குத் தடை போட்டது. ஆனால் அந்தப் பயத்துக்கு நீங்கள் கண்டுபிடித்த மருந்து வெறும் தூரக் கணக்கு. தொழிற்சாலை மாதிரி நடக்கும் விவசாயம் எங்கோ அமெரிக்காவில், பஞ்சாபில் இருப்பதாகவும், 50 கிலோமீட்டர் கோடு போட்டால் அது உள்ளே வராது என்றும் நினைக்கிறீர்கள். அது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணையும் உங்கள் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. சாயப்பட்டறைத் தண்ணீர் வந்து தேங்கிக் கீழே எத்தனை தோட்டங்களைக் கெடுத்தது என்று திருப்பூரில் வேலை செய்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, 2011இல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று.

தூரத்தைப் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 2008இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு குடும்பத்தின் சாப்பாட்டால் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் 83 சதவீதம் உற்பத்தியிலேயே வந்துவிடுகிறது, விளைந்த இடத்திலிருந்து கடைக்குக் கொண்டுபோவதால் வருவது 4 சதவீதம்தான். அது அவர்கள் ஊர்க் கணக்கு, நமக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் எப்படி விளைந்தது என்று கேட்காமல் எங்கே விளைந்தது என்று மட்டும் கேட்டால் பெரிய பங்கு கண்ணில் படாமலே போய்விடும். கிருஷ்ணகிரியில் மானாவாரியாக விளைந்த ராகி உங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. நான் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

அப்புறம், உழவர் சந்தையில் பேரம் பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தபோது இருந்த நோக்கமே, இடையில் யாரும் பிடுங்கிக்கொள்ளாமல் விளைவித்தவர் கைக்கு முழுக்காசு போகவேண்டும் என்பதுதான். மொத்த விலைக்கு மேலே, கடை விலைக்குக் கீழே, இரண்டு பக்கத்துக்கும் கட்டுப்படியாகும்படி தினமும் காலையில் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். கடையைவிட மலிவு என்பது அந்தப் பலகையிலேயே இருக்கிறது. அதற்கும் கீழே நீங்கள் குறைத்து வாங்குகிற இரண்டு ரூபாய், விடியுமுன் கீரையைப் பிடுங்கி, கழுவி, கட்டு கட்டி, முதல் பஸ் பிடித்து வந்த அம்மாவின் காசு. மண்டிக்காரர் செய்தால் சுரண்டல் என்கிறோம். இதே நீங்கள் சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் விலையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் கார்டை நீட்டுவீர்கள். இனிமேல் பலகையில் போட்டிருப்பதைக் கொடுங்கள். ஒரு ஆள் சாப்பிடுவதால் ஏதாவது மாறுமா என்று கேட்டீர்கள். நீங்கள் என்ன சாப்பிட்டாலும் அந்த அம்மாவுக்கு ஒன்றும் மாறாது, பேசாமல் பலகை விலையைக் கொடுத்தால் அன்றைக்கே மாறும்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முடிவு எடுத்தது நீங்கள். கம்பை ஊறவைத்து, தோல் போக இடித்து, கட்டி தட்டாமல் கிளறுவது யார்? வாரம் நான்கு நாள் அதைச் செய்கிறவர் முகம் சுளித்தால் அது விருப்பமின்மை இல்லை, அசதி. ஞாயிற்றுக்கிழமையாவது கம்பஞ்சோறு உங்கள் கையால் ஆகட்டும்.

கோழியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே நாளில் விட்டால் முதலில் கடனில் மூழ்குவது கொட்டகை போட்டவர்கள்தான். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த விடுமுறையில் பல்லடம் பக்கம் போய், எந்தக் கொட்டகை வாசலிலாவது வளர்ப்பவரைப் பார்த்துப் பேசுங்கள். நோய்ப் பயத்தால் உள்ளே விடமாட்டார்கள், பரவாயில்லை. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். ஒரு பேட்சுக்கு மஞ்சி எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, ஆள் கூலி எவ்வளவு, கடன் தவணை எவ்வளவு, கடைசியில் கைக்கு வந்தது எவ்வளவு என்று அவரோடு உட்கார்ந்து வரவு செலவு எழுதுங்கள். அவர் பெயரும் ஊரும் வேண்டாம். கணக்கை மட்டும் எனக்கு அனுப்புங்கள், இங்கே முழுதாகப் போடுகிறேன்.

அன்புடன்.