நாலு இடத்தில் ஒரே மிருதங்கம்

கேள்வி: அவிநாசியில் வீடு, திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆசைக்காக மிருதங்கம் வாசிக்கிறேன். சனிக்கிழமை பஜனை, நண்பர்களின் மெல்லிசைக் குழுவோடு கல்யாண வரவேற்புகள், ஞாயிறு காலை கோவை பீளமேட்டில் வாத்தியார் வகுப்பு. இப்போது கோவையில் ஒரு பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் ஒத்துக்கொண்டேன், தை கடைசியில். ஷிப்மென்ட் நேரத்தில் எல்லாம் முட்டுகிறது. முடியாது என்றால் தலைக்கனம் என்பார்களே, எதை விடுவதுங்க?

பதில்: அரங்கேற்றத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பெண் பல வருடம் கற்றதை முதல்முறையாக மேடையேற்றும் நாள் அது, தாளம் தட்டி நட்டுவாங்கம் சொல்பவரின் ஜதிச் சொற்களும் அவள் காலும் உங்கள் கையும் ஒரே இடத்தில் விழ வேண்டும், நீண்ட உருப்படியான வர்ணத்தில் வரும் ஒவ்வொரு தீர்மானத்தையும், அதாவது ஜதிகளை அடுக்கி முடிக்கும் இடத்தையும், ஒத்திகையில் உட்கார்ந்து கேட்டுத்தான் பிடிக்க முடியும். கடைசி வாரத்தில் நீங்கள் கழன்றுகொண்டால் புதிதாக வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவளுக்குப் பயம் வந்துவிடும்.

மெல்லிசைக் குழு அப்படியில்லை. ரிதம் பேட் வாசிப்பவர் இருந்தால் வரவேற்பு நடந்துவிடும். மார்கழியில் கல்யாணம் கிடையாது, தை பிறந்ததும் முகூர்த்தம் வரிசை கட்டும், ஆகவே தேதி கேட்டு போன் வருவதற்கு முன்னால் நீங்களே போன் போட்டு "தை முழுக்க என்னைக் கணக்கில் சேர்க்காதீங்க, மாசியில் வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர்ப் பக்கத்தில் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டு "பார்க்கலாமுங்க" என்று இழுப்போம், கேட்டவர் வருவதாகவே எடுத்துக்கொள்வார். ஒரு மாதம் முன்னால் மறுத்தவர்மேல் யாருக்கும் கோபம் நிற்காது, முந்தின நாள் ராத்திரி மறுத்தவரைத்தான் மறக்க மாட்டார்கள்.

பஜனைக்கு டோலக், கஞ்சிரா என்று இன்னும் கைகள் இருக்கும். மார்கழி விடியற்காலைப் பஜனை தினமும் நடக்கும், வேலைக்குப் போகிறவருக்கு அத்தனை நாளும் ஆகாது. வைகுண்ட ஏகாதசிக்கும் ஞாயிறுகளுக்கும் மட்டும் வருவதாக முதல் நாளே சொல்லுங்கள்.

இன்னொன்று. இரண்டு மணி நேரக் கச்சேரி என்று நினைத்துத்தான் ஒத்துக்கொள்கிறோம். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பிக்கு ரவை பிசைந்து ஒட்டி, கல்லால் தட்டிச் சுருதி சேர்த்து, மைக் சரிபார்த்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்ற அன்பையும் தாண்டி வீடு திரும்பும்போது அந்த நாளே போயிருக்கும். உங்கள் வேலையில் ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங் என்று நாள் குறிக்கிறீர்கள் அல்லவா, அந்த ஷீட்டிலேயே ஒத்திகைகளையும் எழுதிவிடுங்கள், எது எதோடு மோதும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நான் உண்மையில் கவலைப்படுவது உங்கள் சாதகத்தை, தனியாக உட்கார்ந்து செய்யும் பயிற்சியைப் பற்றித்தான். வாரம் முழுக்க யாருக்காவது வாசித்துக்கொண்டிருப்பது சாதகம் ஆகாது. பாட்டுக்குப் பாட்டு அதே நடையில் ஓட்டினால் கை பழகியதையே வாசிக்கும், தொப்பியை அழுத்தி எழுப்பும் கும்கி நாதம் தெளிவில்லாமல் போவதை முதலில் வாத்தியார்தான் கண்டுபிடிப்பார். காலையில் அரை மணி நேரம், தத் தித் தொம் நம் பாடத்தை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், தனியாக உட்கார்ந்து வாசியுங்கள். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவென்றால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறு வகுப்பை நிறுத்தாதீர்கள். எப்படியும் அவ்வளவு தூரம் போகிறீர்கள், அன்று மதியத்துக்கே ஒத்திகையை வைக்கச் சொல்லி நடன ஆசிரியையிடம் கேளுங்கள். வாத்தியாரிடமும் மறைக்க வேண்டாம், அரங்கேற்றம் முடியும்வரை புதுப் பாடம் வேண்டாம், இந்த வர்ணத்துக்கு வாசிப்பதைக் கேட்டுத் திருத்துங்கள் என்று சொல்லுங்கள், சந்தோஷமாகவே செய்வார்.