குழலும் பியானோவும்: சுருதி ஏன் விலகுகிறது?

கேள்வி: பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே மேற்கத்தியக் குழலுக்கும் பியானோவுக்கும் எழுதிய ‘மோர்சோ தெ கோன்கூர்’ (‘போட்டித் துண்டு’) என்ற சிறு துண்டை இருவராக வாசித்துப் பழகுகிறோம். ஆரம்பத்தில் சுருதி சேர்கிறது. போகப்போகக் குழல் ஏறிவிடுகிறது. மெல்ல முடிக்கும் கடைசி ஸ்வரமோ இறங்கிவிடுகிறது. குழலை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். ஏறுவதற்குக் காரணம் சூடு. உள்ளிருக்கும் காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்). ஜில்லென்ற குழலில் சுருதி சேர்த்தால், 5 டிகிரி சூடேறியதும் 15 சென்ட் விலகல். காதுக்கு நன்றாகவே தெரியும். எல்லாச் சாவிகளையும் மூடிக்கொண்டு, சத்தம் வராமல் சில நிமிடம் வெதுவெதுப்பாக ஊதியபின் பியானோவின் ‘ஏ’ ஸ்வரத்தோடு சேருங்கள்.

ஊதுதுளை உள்ள தலைப்பகுதியைச் சில மில்லிமீட்டர் வெளியே இழுக்கலாம். அதிகம் இழுத்தால் நடு ‘சி ஷார்ப்’ போன்ற, குழாயின் சிறு நீளத்தில் பிறக்கும் ஸ்வரங்கள் மற்றவற்றைவிடக் கூடுதலாக இறங்கி, ஸ்வரங்களுக்கிடையிலான கணக்கே கெடும். ஆக்டேவ்களே (ஒரே ஸ்வரம் கீழ், மேல் ஸ்தாயிகளில்) சேரவில்லை என்றால், தலைப்பகுதியின் மூடிய முனைக்குள் இருக்கும் கார்க்கைப் பாருங்கள். குழலைத் துடைக்கும் கோலை உள்ளே கார்க்வரை விட்டால், அதன் நுனியில் உள்ள கோடு ஊதுதுளையின் நட்டநடுவில் தெரிய வேண்டும். கார்க்கிலிருந்து அங்கே 17 மி.மீ.

இறங்குவது மூச்சால். சத்தத்தைக் குறைத்து வாசிக்கிறோம் என்று காற்றின் வேகத்தையே குறைத்துவிடுகிறோம். குறைய வேண்டியது காற்றின் அளவு, வேகம் அல்ல. உதட்டின் இடைவெளியைச் சுருக்கி, தாடையைச் சற்று முன்னே தள்ளி, காற்றைக் கொஞ்சம் மேல்நோக்கிச் செலுத்துங்கள். பியானோ கலைஞர் ஒரே ஸ்வரத்தை அழுத்திப் பிடித்திருக்கட்டும். அது தானாகத் தேயத் தேய, நீங்களும் 10 விநாடிக்கு அதோடு தேயுங்கள். இரண்டும் விலகினால் ‘வவ்வவ்’ என்று அலை கேட்கும். சுருதி காட்டும் ட்யூனர் கருவியின் முள்ளைவிட அந்த அலைதான் நல்ல ஆசான்.

கேள்வி: இவ்வளவு எளிய துண்டைப் போட்டிக்கு ஏன் எழுதினார்?

பதில்: 1898-இல் பாரிஸ் கன்சர்வத்துவார் என்ற இசைக் கல்லூரியின் குழல் போட்டித் தேர்வில், முன்கூட்டிப் பார்த்துப் பழகாமல் அங்கேயே வாசிக்க எழுதப்பட்டது இது. விரல் வேகத்துக்கு அதே தேர்வில் அவரே எழுதிய ‘ஃபான்டசி’ இருந்தது. இதில் சோதனை நாதத்துக்கும் மூச்சுக்கும்தான். ஸ்வரங்கள் குறைவு என்பதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. எளிது என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கீழ் ஸ்தாயியில் பியானோ குழலை அமுக்கிவிடுகிறதே?

பதில்: குழலின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே மெலிது. பியானோ மூடியைக் குட்டைக் கம்பில் நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்வரக்கூட்டு மாறும்போதும் பெடலை எடுத்து வையுங்கள்.