வேலைக்குப் போகும் பிள்ளைகள்: கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர்களை வேலையில் சேர்த்து, பக்கத்தில் நின்று பழக்குவது என் வேலை. ஜாப் கோச் என்பார்கள். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, என் பையனுக்கு 23 வயது. ஆறு வருஷமாகத் தொழிற்பயிற்சி மையத்தில் காகிதக் கவர் ஒட்டுகிறான். கேட்டால் ‘இன்னும் தயாராகவில்லை’ என்கிறார்கள். எப்போதுதான் தயாராவான்?

அங்கேயே இருந்தால் ஆக மாட்டான் அம்மா. அது அவன் குறை இல்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பயன்படுத்துவது நம் பிள்ளைகள் பலருக்குச் சிரமம். கவர் ஒட்டிய பழக்கம் ஹோட்டலில் மேஜை துடைக்க உதவாது. முதலில் பயிற்சி, அப்புறம் வேலை என்பதுதான் வழக்கம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பால் வேமன் போன்ற ஆய்வாளர்கள் 1980களில் இந்த வரிசையையே திருப்பிப் போட்டார்கள்: முதலில் வேலை, பயிற்சி அந்த இடத்திலேயே. என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது.

பக்கத்தில் நின்று என்ன செய்வீர்கள்?

முதலில் அந்த வேலையை நானே செய்து பார்ப்பேன். அப்புறம் சின்னச் சின்னப் படிகளாகப் பிரிப்பேன். ஒரு பலகாரக் கடையில் 250 கிராம் மிக்ஸர் பாக்கெட் போடும் வேலை. தம்பிக்கு எண் படிக்கத் தெரியாது. ‘250’ என்று எழுதிய அட்டையைத் தராசுக்கு மேல் ஒட்டினோம், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கட்டிவிடலாம். ஆனால் தராசு 248, 251 என்று ஆடும். அவன் ஒரு கடலையைப் போடுவான், ஒன்றை எடுப்பான், ஒரே பாக்கெட்டில் கால் மணி நேரம் போய்விடும். இரண்டாம் நாள்தான் எனக்குப் புரிந்தது, தப்பு அவனிடம் இல்லை, நான் சொல்லிக்கொடுத்த முறையில். தராசை எடுத்துவிட்டு அளவுக் கப் கொடுத்தோம். தலைதட்டி ஊற்றுவான், கடைசியாக எடை பார்ப்பது பக்கத்தில் வேலை செய்யும் அக்கா. நாலாவது வாரம் நான் கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது வாரம் போகவே இல்லை.

நீங்கள் விலகிய பிறகு?

பாக்கெட் எடை பார்த்த அந்த அக்காதான் பிறகு அவனுக்குத் துணை. அப்படி ஒருவரை முதல் வாரமே கண்டுபிடித்துவிட வேண்டும். வேலை மாறினாலோ முதலாளி மாறினாலோ நான் திரும்பப் போவேன்.

கடை வைத்திருக்கிறேன். ஒருவரைச் சேர்க்க ஆசை. நான் என்ன கவனிக்க வேண்டும்?

ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். சொல்பவரும் ஒருவராகவே இருக்கட்டும். ‘சீக்கிரம் முடி’ என்றால் புரியாது, ‘இந்த டிரே முடிந்ததும் டீ’ என்றால் புரியும். சம்பளம் மற்றவர்களுக்குக் கொடுப்பதே. இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டு கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அரசு வேலையில் ஒதுக்கீடு உண்டா?

உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து. தேர்வும் கல்வித் தகுதியும் குறுக்கே நிற்பதால் நம் பிள்ளைகளில் பலருக்கு அது எட்டுவதில்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

மகளைத் தனியாக பஸ்ஸில் அனுப்பப் பயமாக இருக்கிறது.

நியாயமான பயம்தான். முதலில் பக்கத்து இருக்கையில் உட்காருவோம், அப்புறம் நாலு வரிசை பின்னால், அப்புறம் இறங்கும் ஸ்டாப்பில் காத்திருப்போம். பஸ் வராத நாளில் யாருக்குப் போன் செய்வது என்பதையும் செய்துகாட்டிப் பழக்குவோம். தனியாகப் போகும் முதல் நாள் மட்டும் நீங்கள் ஸ்டாப்புக்கு வராதீர்கள் அம்மா. உங்கள் முகத்தைப் பார்த்தால் அவளும் பயந்துவிடுவாள்.